மதியக் காட்சியில் இருவர்

பேருந்து நிலையத்தில் கணவன் தங்கையாவின் பைக்கைப் பார்த்ததும் ஜெயசீலி துணிப்பையோடு எதிரே இருந்த தியேட்டருக்குள் புகுந்துவிட்டாள். மதியக் காட்சியில் ஏதோ பழைய ஆங்கிலப் படம், கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் படத்தில் தங்கையா வந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்தான். சத்தம் போடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "படம் முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிரலாம், என்ன?" என்றான். போன தடவை அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவன் முறித்த மணிக்கட்டு அது.

அதுவரை சிரிப்புப் படமாக இருந்தது காதல் படமாகி, பாட்டு வந்து, பிறகு பேய் பங்களாவுக்குள் நுழைந்தது. முடிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெயசீலி வேண்டிக்கொண்டாள். அத்தனை நேரம் திரையில் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்த மனைவி திடீரென்று மேஜை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் புருஷனைச் சுட்டாள். இதுவும் வேடிக்கைதான் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். தங்கையா சிரிக்கவில்லை.

"என்ன கண்றாவிப் படம் இது! எந்திரி, போவோம்."

"உக்காருங்க," என்றாள் ஜெயசீலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ தப்பிச்சாளான்னு பாத்துட்டு வாறேன்."

அவன் உட்கார்ந்தான். அதன்பிறகு அவன் படம் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.