ஜாடியில் வெளுத்த மீன்

காவேரி கண்ணாடி ஜாடியைப் பெயிண்ட் டின்களுக்கு நடுவே வைத்து, அதன் பக்கத்தில் ஆஞ்சப்பன் வரைந்த படத்தை விரித்தார்.

ஜாடிக்குள் மீன் வெளுத்த துணிபோல் மிதந்தது. படத்தில் அதே மீன் செம்பொன் உடலும் நீலச் செவுளுமாகத் தகதகத்தது.

ஜூஜுவாடி சோதனைச்சாவடியை ஒட்டிய கொட்டகை அது. லாரிகளுக்கு வண்ணம் தீட்டுவது ஆஞ்சப்பனின் தொழில்.

கடல் ஆராய்ச்சிக் கப்பலின் விஞ்ஞானி காவேரி. வலையில் ஏறும் ஆழ்கடல் மீனின் நிறம் ஐந்தே நிமிடத்தில் செத்துவிடும். பெர்மிட்டில் முத்திரை விழுவதற்குள் லாரியின் பின்கதவில் மயிலை எழுதி முடிக்கிற கையைக் கண்டு, ஆஞ்சப்பனைக் கடலுக்கு அழைத்துப்போனவர் அவர்தான். அது 1986.

இன்று அவர் கொண்டுவந்தது நல்ல சேதி அன்று.

ஆழ்கடல் மீன்கள் பற்றிய நூலைத் தொகுக்கும் நிபுணர் குழு ஜாடியை மட்டுமே பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது மீனின் நிறமன்று, லாரியின் நிறம் என்று எழுதிவிட்டது. கேமராச் சுருள் உப்புநீரில் கெட்டிருந்தது. விஞ்ஞானிகள் எல்லாரும் மேல்தளத்தில் வலையோடு போராடிக்கொண்டிருந்த வேளையில் வரையப்பட்ட படம் அது. சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

ஜாடியிலுள்ளபடி வெளிறிய நிறத்தில் வரைந்து தந்தால் படம் நூலில் ஏறும். அடியில் ஆஞ்சப்பனின் பெயர் அச்சாகும். மறுத்தால் இரண்டும் இல்லை. இதைச் சொல்லும்போது காவேரியின் குரல் தாழ்ந்தது.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் குனிந்த குடும்பம் ஆஞ்சப்பனுடையது. அந்தக் குடும்பத்துப் பெயர் ஒன்று அதுவரை எந்த நூலிலும் ஏறியதில்லை.

வண்டிக்காகக் காத்திருந்த டிரைவர் வெங்கடப்பன் படத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மீனு முதுகுல 'ஒலி எழுப்பவும்'னு எழுத மறந்துட்டியா?"

ஆஞ்சப்பனும் சிரித்தார். சிரித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, காவேரியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஜாடியில கெடக்கறது பொணம், மேடம். நான் வரைஞ்சது உசுரு. மாத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜாடியை வெயில் பக்கம் திருப்பினார்.

வெளுத்த உடலில் கடுகளவு செம்பொன் புள்ளி ஒன்று; செவுளில் அதே அளவில் நீலப் புள்ளி ஒன்று. நோய்த் தழும்புகள் என்று காவேரியே குறிப்பேட்டில் எழுதிவைத்தவை அவை.

பழைய லாரியின் கீறலை மறைக்கப்போகிறவர், கலந்த வண்ணத்தை முதலில் வண்டியின்மேலேயே ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். சொட்டு தனித்துத் தெரிந்தால் கலவை பிசகு. கப்பலிலும் ஆஞ்சப்பன் மீனின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு அதையேதான் செய்திருந்தார்.

காவேரி படத்தையும் புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, படத்தின் அடியில் ஆஞ்சப்பனின் பெயரை முழுதாக எழுதினார்.

எழுதிய பின்பும் விஞ்ஞானிக்கு மனம் ஆறவில்லை. ஆராய்ச்சிக்கு எடுத்த உயிரின்மேல் பெயிண்டை விட்டுவைக்கலாமா, உடனே துடைத்திருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டார்.

ஆஞ்சப்பன் தலையைச் சொறிந்தார்.

"தொடைக்கத்தான் துணி எடுத்தேன், மேடம். ஆனா சொட்டு ரெண்டையும் மீனுமேல எங்க வெச்சேன்னே தெரியல."