ஜின்செங்குக்குப் பக்கத்தில் முள்ளங்கி

"என்ன அண்ணி இது?"

சூமின் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த இடுப்புவலி போன இடம் தெரியவில்லை.

அடுப்பில் மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்காக அவள் மாதாமாதம் அனுப்பும் ஜின்செங் வேர்தான் உள்ளே. அதற்குப் பக்கத்திலேயே, பலகையில், பச்சை முள்ளங்கி துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தது.

"முள்ளங்கி" என்றாள் ஹைதாங், கத்தியைக் கீழே வைத்துவிட்டு.

"எனக்கும் கண்ணு இருக்கு. யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான். டீ குடிக்கறப்போ கடிச்சுக்குவார்."

"ஜின்செங் குடிச்ச வாயிலயா?"

ஹைதாங் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"ஜின்செங் ஏத்தற பலத்தை முள்ளங்கி மொத்தமா இறக்கிடும்னு பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியுமே அண்ணி! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் செய்யறீங்களா? எப்பலேர்ந்து?"

"போன குளிர்காலத்துலேர்ந்து. கொஞ்சம் மெதுவா பேசு சூமின். அப்பா தூங்கறார்."

மெதுவாகவா! வடக்கே, புசோங் மலையடிவாரத்தில் ஜின்செங் கழுவும் கொட்டகையில் வேலை பார்க்கிறவள் சூமின். நல்ல வேராகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைஃபாங்கில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு "குடிச்சீங்களாப்பா?" என்பாள். "குடிச்சேம்மா" என்பார் பெரியவர். குரல் மட்டும் தேறவே இல்லை. ஏன் தேறவில்லை என்பது இப்போது பலகையில் கிடக்கிறது.

சட்டியின் மூடியைத் திறந்தாள். சட்டி நிறையத் தண்ணீர். அதில் நகம் அளவுக்கு ஒரே ஒரு சீவல் மிதந்தது.

"பேஷ்! இதுக்குப் பேரு ஜின்செங் சூப்பா? பாத்திரம் கழுவின தண்ணி இதைவிடக் கெட்டியா இருக்கும். நான் அனுப்பினதெல்லாம் எங்கே போச்சு?"

"அலமாரியிலதான் இருக்கு. பத்திரமா."

"யாருக்குப் பத்திரம்? அப்பா கண்ணை மூடணும், இந்த வீடு உங்க பேருக்கு வரணும், அதானே? அண்ணன் லாரியோட ஊர் ஊரா சுத்தறான். கேக்க நாதியில்லன்னு நினைச்சுட்டீங்க."

ஹைதாங்கின் முகம் வெளுத்துவிட்டது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். மாமனாரின் அறைக் கதவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சூமினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலகையோடு தூக்கி முள்ளங்கியைக் குப்பைக்கூடையில் கொட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு முழு வேரை எடுத்துச் சீவிச் சட்டியில் போட்டாள். சூப் சுண்டி மஞ்சளாகிற வரை அடுப்பைவிட்டு நகரவில்லை.

"வேண்டாம் சூமின். சொன்னா கேளு. அவ்வளவு போடாதே."

"நீங்க பேசாதீங்க."

சத்தம் கேட்டு லூ பெரியவர் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாயிற்று.

"வந்துட்டியாம்மா! வரேன்னு சொல்லவே இல்லையே?"

"சொல்லியிருந்தா இந்தக் கூத்தைப் பாத்திருக்க முடியாதுப்பா. இந்தாங்க, முழுசா குடிங்க. குடிச்சுட்டுத் துணிமணியை எடுத்து வைங்க. இன்னிக்கே என்கூட வரீங்க. இனிமே இவங்க கையால ஒரு வாய் தண்ணிகூட வேண்டாம்."

பெரியவரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குப்பைக்கூடையைப் பார்த்தார். சூப் கிண்ணத்தைப் பார்த்தார். அதை நீட்டிய மகளின் விரல்களைப் பார்த்தார். விரலுக்கு விரல் வெடிப்பு. இரண்டு விரலில் பிளாஸ்திரி.

கிண்ணத்தை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார்.

"அப்பா, வேண்டாம்!"

ஹைதாங் பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். கிண்ணம் தரையில் விழுந்து நொறுங்கியது. சூப் சுவரெல்லாம் தெறித்தது.

"பாத்தீங்களாப்பா! உங்க கண்ணு முன்னாடியே!"

சூமின் கையை ஓங்கிவிட்டாள். அந்தக் கையை எட்டிப் பிடித்தார் பெரியவர். அந்தத் தளர்ந்த உடம்பில் அவ்வளவு பிடி இருக்குமென்று அவள் நினைக்கவில்லை.

"அவ மேல கை வைக்காதே. முள்ளங்கி நான் கேட்டு வாங்கித் தின்னறது. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்."

"நீங்களா? ஏன்ப்பா?"

"நீ அனுப்பின முதல் வேரைக் குடிச்ச அன்னிக்கே மூக்குலேர்ந்து ரத்தம் கொட்டிச்சு. பிரஷர் எகிறி நிக்குது, ஜின்செங்கைத் தொடவே தொடாதீங்கன்னுட்டார் வைத்தியர். தூக்கி எறிங்கப்பான்னு இவளும் தலைதலையா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கலை. அதான் இவ ஒரே ஒரு சீவலைப் போட்டு, ஒரு குடம் தண்ணியை ஊத்தித் தருவா."

சூமினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா குடிச்சீங்க? குடிச்சேன்னு எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே!"

பெரியவர் அவள் கையை விடவில்லை. வெடிப்புகளைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார்.

"ஐஸ் தண்ணியில கை வெடிக்க வெடிக்கக் கழுவி அனுப்பிட்டு, 'குடிச்சீங்களாப்பா'ன்னு ஆசையா கேக்கறே. அதுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. அதான் ஒரு வாய் குடிப்பேன், உடனே முள்ளங்கியைக் கடிச்சுக்குவேன்."