அத்தை பிழைத்த கடைசிப் பக்கம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊர் ஜின்ஜாவில், ஏரியிலிருந்து நைல் நதி புறப்படும் இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். அன்றைக்கு முதலைகள் வேறெங்காவது போயிருந்தால் போதும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. திபீதா வீட்டு மேசையின் நடுவில் வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அங்கே கூடுகிற மகிழ்ச்சி வாசகர் வட்டத்துக்கு இருந்தது ஒரே சட்டம்தான். படித்தால் மனம் குளிர வேண்டும். ஒருவரும் சாகக் கூடாது.

யார் நாவல் கொண்டுவந்தாலும் செயலாளர் முதேசி எழுந்து நின்று அதன் கடைசிப் பக்கத்தை வாசிப்பாள். முடிவதற்குள் யாராவது கைக்குட்டையை எடுத்துவிட்டால் புத்தகம் தள்ளுபடி.

இரண்டு வருடங்களுக்கு முன் நைகாகா கொண்டுவந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாய் செத்துப்போயிற்று.

ஒன்பது பெண்கள் அழுத அழுகையில், கூரைமேல் நின்றிருந்த பெருநாரைகள் எழுந்து ஏரியைத் தாண்டிப் பறந்துபோயின. இன்றுவரை திரும்பவில்லை.

நாய் சாகும் என்று நைகாகாவுக்கே தெரியாது. அவள் அந்தப் புத்தகத்தை நூற்று நாற்பதாம் பக்கத்தோடு மூடி வைத்திருந்தாள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளை முப்பது வருடம் முட்டிபோட வைத்த தலைமையாசிரியை அதை எந்த வாயால் சொல்வாள்?

நைகாகா இரண்டு வருடம் புத்தகம் தேர்ந்தெடுக்கத் தடை விழுந்தது. அதன் பிறகு எல்லாப் புத்தகமும் முதேசி தேர்ந்தெடுத்ததுதான். ஒவ்வொரு முறையும் அவள் நைகாகா பக்கம் திரும்பி ஒன்று சொல்வாள்.

"பயப்படாதீங்க டீச்சரம்மா. இதுல நாய் இல்ல."

இன்றோடு தடை முடிகிறது. இன்றும் யாராவது செத்தால், நைகாகா ஆயுளுக்கும் புத்தகம் கொண்டுவரக் கூடாது, சம்பூசா என்கிற சமோசா மட்டும் கொண்டுவரலாம் என்று தீர்மானம் போட்டாயிற்று. முன்மொழிந்தவள் முதேசி.

ஆகவே நைகாகா நாற்பத்தொரு நாவல்களை அட்டைக்கு அட்டை படித்தாள்.

எல்லாவற்றிலும் யாரோ செத்தார்கள். பேக்கரி நடத்தியவர்கள் செத்தார்கள். பூக்கடை வைத்தவர்கள் செத்தார்கள். ஒன்றில் ஒரு பூசணிக்கொடி செத்தது.

நாற்பத்தொன்றாவதில் ஒரே ஒரு சாவு. எண்பது வயது அத்தை, அதுவும் கடைசிப் பக்கத்தில். சாவில் இவ்வளவு சிக்கனமான நாவல் இனிக் கிடைக்காது என்று நைகாகாவுக்குப் பட்டது.

சந்தைக்குப் பின்னால், கல்யாணப் பத்திரிகையும் சாவு அறிவிப்பும் ஒரே எந்திரத்தில் அடிக்கிற அச்சகம் ஒன்று உண்டு. அங்கே போய் ஒரு புதிய கடைசிப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதில் அத்தை கண்விழித்து, தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று எல்லோரையும் திட்டினாள்.

அச்சகக் கிழவர் புத்தகத்தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதே தாள்தானேம்மா? மிச்சம் இருக்கு."

எதில் மிச்சம் என்று நைகாகா கேட்கவில்லை.

வட்டத்தின் முத்திரை குத்துவதற்காக ஒரு வாரம் முன்பே புத்தகத்தைச் செயலாளரிடம் கொடுப்பது வழக்கம். இந்த முறை நைகாகா நாவலின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினாள். பசை காய வேண்டுமே.

இப்போது முதேசி நின்று வாசித்தாள். அத்தை கண்விழித்தாள். சர்க்கரைக்குத் திட்டினாள். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. கைக்குட்டையை ஒருவரும் தொடவில்லை.

முதேசி சிரிக்கவில்லை. பைக்குள் கைவிட்டு அதே நாவலின் இன்னொரு பிரதியை எடுத்து மேசைமேல் அறைந்தாள்.

"கம்பாலாவிலேர்ந்து வரவழைச்சேன். இதுல கிழவி செத்துக் கிடக்கா. படிக்கட்டுமா?"

நைகாகா பலகாரத் தட்டைப் பார்த்தாள். சம்பூசா, ஆயுளுக்கும் சம்பூசா.

"எங்க வாங்கின?" என்று கேட்டாள் திபீதா.

"பெரிய கடையில."

"அப்ப பெரிய திருட்டு. களவு அச்சுடீ இது. போன மாசம் நான் வாங்கின சமையல் புத்தகத்துல பாதிக்கு மேல லாரி ரிப்பேர்."

"எனக்கு ஒரு நாவல்ல கல்யாணமே ரெண்டு தடவ வந்துச்சு, அதே மாப்பிள்ளையோட" என்றாள் இன்னொருத்தி.

"வேணும்னே செத்த பிரதியாப் பார்த்து வாங்கியிருக்கா. டீச்சர்மேல அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்" என்றாள் மூன்றாமவள்.

முதேசி நைகாகாவின் புத்தகத்தைப் பிடுங்கினாள். கடைசித் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் தேய்த்தாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

மண்ணெண்ணெய். அச்சு எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவுகிறவர் ஊரில் ஒருவர்தான்.

அவள் நிமிர்ந்தாள். நைகாகாவை நேராகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தது நைகாகாவுக்கும் தெரிந்துவிட்டது.

அச்சகத்தின் பெயரைச் சொல்ல முதேசி திறந்த வாய் திறந்தபடி நின்றது.

பிறகு மூடிக்கொண்டது. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, முத்திரையை எடுத்து முதல் பக்கத்தில் ஓங்கிக் குத்தினாள்.

ஏன் விட்டாள் என்று நைகாகாவுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன? இரண்டு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைத் துப்பினாள்.

"பயப்படாத முதேசி. இதுல அத்தை இருக்கா."

அன்றைக்குச் சம்பூசா கொண்டுவருவது முதேசியின் முறை. ஒருவரும் தொடவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த நாய் செத்த பக்கத்தையும் அதே கிழவர்தான், முதேசி எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து அச்சடித்தார். அசல் நாவலில் அந்த நாய் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.