பீர்க்கங்காய் நார்

“வலிக்குதா?”

“இல்ல.”

“இங்க?”

“இல்ல சாமுண்டி.”

சர்ர்... சர்ர்... என்று நார் தேய்க்கிற சத்தம்.

“இப்பவாவது வலிக்குதா இல்லியா?”

“வுடு. போதும்.”

சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்த மெட்டில்டா டீச்சருக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. பக்கத்துப் போர்ஷன் சாமுண்டீஸ்வரி, புருஷனைக் குளிப்பாட்டுகிற லட்சணம் இது. சாயங்காலம் குரோம்பேட்டை லேத் பட்டறையிலிருந்து சம்பத் வந்து சைக்கிளை நிறுத்த வேண்டியதுதான். கிணற்றடி ஓலைத் தட்டிக்குள் உட்கார வைத்து, முதுகைப் பதம் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை.

அந்தத் தட்டி மேல் அவளே படரவிட்ட பீர்க்கங்கொடி. கறிக்கென்று ஒரு பிஞ்சு பறித்ததில்லை. எல்லாம் கொடியிலேயே முற்றிக் காய்ந்து தொங்கும். தோலை உரித்து, விதையை உதறிவிட்டு, அந்த முரட்டு நாரில் பயத்தம் மாவைக் குழைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

“கூட்டு வைக்க ரெண்டு காய் குடேன், சாமுண்டி” என்று டீச்சர் ஒருமுறை கேட்டே விட்டாள்.

“அதெல்லாம் அவருக்கு, டீச்சர்.”

முகத்தில் சிரிப்பில்லை.

ஒருநாள் துணிக்கொடியில் காய்ந்த சம்பத்தின் பனியனில் ரத்தக் கறை.

“என்ன சம்பத் இது, முதுகெல்லாம்?”

“ஒண்ணுமில்ல டீச்சர். பட்டறை எண்ணெய்ப் பிசுக்கு. கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சிட்டா” என்று குனிந்தபடியே போய்விட்டான்.

டீச்சருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட சமயம், குடம் குடமாகச் சேந்தி வந்து தொட்டியை நிரப்பிக் கொடுத்த பிள்ளை. அன்றைக்கு ராத்திரி டீச்சர் வீட்டில் இதையே சொல்லிப் புலம்பினாள்.

“புருஷன் பொண்டாட்டி விஷயம். நமக்கெதுக்கு?” என்றார் அவள் கணவர் ஜெபசீலன், ரேடியோவைத் திருகிக்கொண்டே.

“வதைபடுறது பொம்பளையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?”

அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

மறுவாரம் அது நடந்தது.

“ஐயோ! எரியுது! எரியுதுடி!”

சம்பத்தின் அலறல். அது அடங்குவதற்குள் சாமுண்டியின் சிரிப்பு. வாய்விட்ட, வெறி பிடித்த மாதிரிச் சிரிப்பு.

“இன்னொரு தபா சொல்லுய்யா! எங்க எரியுது? இங்கயா?”

“ஆ! ஐயோ!”

டீச்சரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் முன்கட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் முனிரத்தினம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சேலையூரில் வயலைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு, வரிசையாகப் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“வெளிய வாம்மா!” என்று அதட்டினார் அவர்.

சாமுண்டி வந்தாள். கையில் நார். கண்ணெல்லாம் ஈரம். உதட்டில் இன்னும் சிரிப்பு. பின்னால் சம்பத், துண்டைப் போர்த்திக்கொண்டு.

“புருஷனை அலற வுட்டுட்டு சிரிச்சிகினு கீற? இன்னா பொம்பள நீ?”

“தினமும் இதே கூத்துதான் சார்” என்றாள் டீச்சர், மூச்சு வாங்க. “இவளை அனுப்பிடுங்க. சம்பத் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு நான் சோறு போடுறேன்.”

சாமுண்டியின் சிரிப்பு நின்றது. சம்பத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“காலையில உங்கண்ணன் வூட்டுக்குக் கெளம்பிடு” என்றார் முனிரத்தினம்.

“சரிங்க. போயிடறேன்.”

மறுபேச்சே பேசாமல் தலையாட்டினாள். அதுதான் சம்பத்தைப் பிடித்து உலுக்கியது.

“அவ எங்கயும் போவ வாணாம்.”

“சொல்லாதய்யா!” என்று அவன் கையைப் பிடித்தாள் சாமுண்டி. “நான் போறேன். நீ இரு. சொல்லாத!”

அவன் துண்டை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றான். இடது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய படை. அதன்மேல் சிவந்த சிராய்ப்பு.

“தொழுநோயிண்ணா.”

“குஷ்டமா?” என்றார் முனிரத்தினம்.

“ஆரம்பத்துலயே பாத்துட்டாங்க. போன ஆடியிலேர்ந்து மாத்திரை துன்னுகினு கீறேன். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த எடம் மட்டும் மரத்துப் போச்சு. சூடு தெரியாது, வலி தெரியாது. லேசாத் தொட்டுப் பாத்தா போதும்னுதான் சொன்னாரு. இவளுக்கு மனசு ஆறல. உணர்ச்சி வந்துடுச்சா, வந்துடுச்சான்னு தெனிக்கும் தேய்ச்சித் தேய்ச்சிப் பாப்பா.” சாமுண்டி பக்கம் கையைக் காட்டினான். “இன்னிக்குத்தாண்ணா மொத தபா எரிஞ்சிது. அதான் சிரிச்சா.”

முனிரத்தினம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “மாத்திரை சாப்பிட்டா சுத்தமா சரியாயிடுமா?”

“ஆயிடும்ணா.”

“எனக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல.” அவர் தலையைச் சொறிந்தார். “டீச்சர், பக்கத்துல கீறது நீங்கதான். நீங்க சரின்னா இருக்கட்டும். இன்னா சொல்றீங்க?”

சம்பத் டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது. இந்த வீட்டில் அவனுக்காக முதல் ஆளாக ஓடி வந்தவள் அவள்தானே.

மெட்டில்டா டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“பொதுக் கிணறு சார்... ரெண்டு பேரையுமே அனுப்பிடுங்க.”