எதையும் விடாத ஸ்டார்

"எல்லாருடைய ஃபைலும் டென்மார்க்குக்குப் போயிருக்கு. என்னுது மட்டும் எங்கே சார் போச்சு? கடல்லயா?"

வினயா ஆள்வாவின் குரலுக்குக் கண்ணாடித் தடுப்பெல்லாம் ஒரு தடையா? மங்களூர் அலுவலகத்தில் மூன்று வரிசை தள்ளி இருந்தவர்கள்கூட, கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிவைத்தார்கள்.

குழுத் தலைவர் சதானந்த காமத்தின் வாயில் பாதி கோளிபஜே போண்டா. அதை அவசரமாக விழுங்கினார்.

"மெதுவா பேசும்மா மாராய்த்தி. காது இருக்கு எனக்கு."

"காது இருக்கு, நியாயம்தான் இல்ல!"

அவள் கொதிப்பதற்கும் காரணம் இருந்தது. ஆறு மாதம் கோபன்ஹேகனுக்குப் போகப்போவது யார் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்று மாலை முடிவு செய்கிறார்கள். ஐந்து பேர் எழுதிய புரோகிராம்களையும் பார்த்து, ஒருவரை எடுப்பார்கள். பொது ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் அள்ளி அனுப்பும் வேலையை, காமத் எழுதிவைத்த நாலு வரி புரோகிராம் மதியம் இரண்டு மணிக்கே முடித்துவிட்டது. அதோடு டென்மார்க்காரர்கள் கதவையும் மூடிவிட்டார்கள். பிறகு அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வந்து சேர்ந்தது நான்கு என்று பதில் வந்திருந்தது. நான்கிலும் வினயாவின் பெயர் இல்லை.

"உங்க புரோகிராம்தான் தப்பு. என்னை விட்டுடுச்சு."

காமத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. சம்பளத்தைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்.

"நான் என்ன பேர் பேரா எழுதியா கூப்பிட்டேன்? நட்சத்திரக் குறி வெச்சு ஸ்டார் டாட் பை-னு போட்டிருக்கேன். ஸ்டார்னா என்ன? உன் பேரோ என் பேரோ எங்க வீட்டு நாய் பேரோ, எதுவா இருந்தா என்ன, நம்ம புரோகிராம் எல்லாம் முடியுற மாதிரி கடைசியில டாட் பை-னு முடிஞ்சா அள்ளிட்டு வான்னு அர்த்தம். வலை போடுறவன் மீனோட ஜாதகமா பார்க்கிறான்? வினயா ஆள்வாவை மட்டும் விட்டுட, அதுக்கு உன்மேல என்ன பகை?"

"ஸ்டாருக்குப் பகை இல்ல சார். பகை இருக்கிறவன் அதோ, கடைசி நாற்காலியில ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருக்கான். அவன்தான் அழிச்சிருப்பான்!"

லோகேஷ் பங்கேராவைத்தான் சொன்னாள். போன வருஷம் அவள் எழுதியதை அப்படியே எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டு அவன் பாராட்டு வாங்கியது காபி மெஷினுக்குக்கூடத் தெரியும். காமத்துக்கும் தெரியும். ஆனால் யாரிடமும் முகம் முறித்துக்கொள்வது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

லோகேஷ் காபியோடு நிதானமாக வந்தான்.

"நான் அழிச்சேனா? ஆதாரம் இருக்கா மேடம்?"

"போன வருஷமும் இதையேதான்டா கேட்ட! நான் எனக்காக எழுதி வெச்சிருந்த குறிப்பைக்கூட நீக்காம கொடுத்தியே, அப்பவும் ஆதாரம் கேட்ட!"

"சும்மா பழசையே கிளறாதீங்க. அழிக்கணும்னா முதல்ல கண்ணுல படணும் இல்லையா? மூணு நாளா அந்த ஃபோல்டரைச் சலிச்சு எடுத்துட்டேன், உங்க ஃபைல் கண்ணுலயே படல!"

மூன்று வரிசையிலும் கீபோர்டுச் சத்தம் நின்றது.

"மூணு நாளா அங்கே எதுக்குடா தேடின?" என்றார் காமத்.

லோகேஷ் காபிக் கோப்பைக்குள் பார்த்தான்.

"கேட்டீங்களா சார்! திருடன் வாயாலேயே வந்துடுச்சு! இவன் புத்தி எனக்குத் தெரியும். நல்லவேளை, நான் மட்டும் அன்னிக்கே…"

வினயா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் பாதியில் பேச்சை நிறுத்தி அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நல்லவேளை, என்ன?"

காமத் எண்ணெய் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, மறைந்திருப்பதையும் சேர்த்துக் காட்டு என்று ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் பட்டியல் விழுந்தது. நான்கு அல்ல, ஐந்து. ஐந்தாவது வினயாவுடையது. பெயருக்கு முன்னால் மட்டும் சின்னதாக ஒரு புள்ளி.

"முன்னாடி புள்ளி வெச்சா ஃபைல் மறைஞ்சுடும், ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. சரி. ஆனா மறைஞ்சதை ஸ்டாரும் தொடாதே!" காமத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் புள்ளியை வெச்ச புண்ணியவான் யாரு?"

"தாய் மேல சத்தியமா நான் இல்ல சார்" என்றான் லோகேஷ். பாவம், அவன் வாயில் அபூர்வமாக ஓர் உண்மை.

"இவன் கண்ணுல படக் கூடாதுன்னு…" மூன்று வரிசைக்குக் கேட்ட குரல் இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்கவில்லை. "திங்கட்கிழமை நான்தான் சார் வெச்சேன்."