தூணுக்குப் பின்னால் ஒருவர்

தூணுக்குப் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார் கட்டம் போட்ட தொப்பிக்காரர். பச்சைக் கோட்டுப் பெண்ணை விட்டு அவர் கண் அகலவில்லை.

இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்துக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற ஹெஸ்டர் இதைக் கவனித்துவிட்டாள். இந்த ஆளை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள்.

சந்தைச் சதுக்கத்துக் கைப்பைக் கடையில் ஹெஸ்டர் நின்றபோது அந்தப் பெண் வந்து போனாள். அறுபது வயதிருக்கும். அவள் வாசலைத் தாண்டியதும் தொப்பிக்காரர் உள்ளே நுழைந்து, அந்த அம்மா எந்தப் பையைத் தொட்டுப் பார்த்தார் என்று கடைக்காரியிடம் விசாரித்தார். அதையெல்லாம் சொல்ல முடியாது என்று அவள் துரத்திவிட்டாள். அடுத்திருந்த சால்வைக் கடையிலும் இதே கூத்து. பச்சைக் கோட்டுக்காரி வெளியே வந்தாள், அவர் உள்ளே போனார்.

இப்போது பேராலயத்தில் மணி பதினொன்றே கால். சுவரிலிருந்த பழைய கடிகாரத்தின் மேல் மரக் குதிரைவீரர்கள் சுற்றத் தொடங்க, கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. அவர் பார்க்கவில்லை.

பச்சைக் கோட்டுக்காரியின் கையுறை ஒன்று நழுவி விழுந்தது. பூனை போல வந்து எடுத்தார். கூப்பிட்டுக் கொடுப்பார் என்று பார்த்தால், அவளுக்கே தெரியாமல் அவளுடைய கோட்டுப் பையில் செருகிவிட்டுத் தூணுக்கே திரும்பிவிட்டார்.

திருடன் என்றால்கூடப் பரவாயில்லை, இது வேறு மாதிரி என்று நினைத்தாள் ஹெஸ்டர். பழைய கல்லறை ஒன்றைக் காட்டுகிற சாக்கில் அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்துப் போனாள்.

"பதறாதீங்க. திரும்பியும் பார்க்காதீங்க. காலையிலேருந்து ஒருத்தர் உங்க பின்னாடியே சுத்துறார்."

"கட்டம் போட்ட தொப்பியா?"

"ஆமா. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அந்தப் பெண் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, அது தன் கணவர்தான், நாளைக்கு அவர்களுடைய கல்யாண நாள் என்றாள். முப்பத்தாறு வருடமாக இந்த நாளில், அவளுக்குப் பிடித்த பரிசு எது என்று தெரிந்துகொள்ள, அவள் கண்ணில் படாமல்தான் பின்னால் வருவதாக அந்த மனிதருக்கு ஒரு நினைப்பாம். அதற்காகவே இன்று நகைக்கடை வாசலில் மூன்று தடவை நின்றாளாம். மூன்று தடவையும் அவர் பக்கத்து கேக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"போலீஸ் எல்லாம் வேண்டாம்மா. முடிஞ்சா அவரைக் கொஞ்சம் அந்த நகைக்கடைப் பக்கம் தள்ளிவிடுங்க."