தவநாயகியின் முழங்கால்

கம்பிகளைக் கழற்றும்போது டொக்டர் வாசுதேவனுக்குக் கொட்டாவி வந்தது. வாயைப் பொத்தவும் மறந்துவிட்டான்.

பாவம், பிள்ளை நித்திரை கொள்ளவில்லை என்று தவநாயகி நினைத்தாள்.

அவளுக்கு மட்டும் எங்கே நித்திரை? லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு தையல் பட்டறையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போட்டு, லிஃப்ட் ஓடாத கவுன்சில் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறவள். இரண்டு குளிர்காலமாக வலது முழங்கால் அவளை உயிரோடு தின்கிறது.

இன்று அது அடங்கிக் கிடந்தது. முழங்காலைச் சுற்றி மெல்லிய ஊசிகளைக் குத்தி, அவற்றில் கம்பிகளை மாட்டி, ஒரு சின்னப் பெட்டியின் குமிழை அவன் திருகியிருந்தான். தசை துள்ளியது. துள்ளித் துள்ளி, வலி போன இடம் தெரியவில்லை. நோகாத கால் எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்ததால் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

அதற்குப் பிறகு நர்ஸ் பியற்றிஸ் அவள் கையில் ஒரு மருந்தை ஏற்றினாள். சீசாவில் பெயர் தெரியாதபடி மேலே தாள் ஒட்டியிருந்தது. டொக்டருக்கும் தெரியக்கூடாதாம். ஆராய்ச்சி என்றால் இப்படியும் ஒரு கண்ணாமூச்சி.

சற்றுப் பொறுத்து வாசுதேவன் வந்து குனிந்தான்.

"இப்ப எப்படிம்மா இருக்கு? உள்ளபடி சொல்லுங்க."

கண்கள் சிவந்திருந்தன. சட்டைக் கொலரில் அழுக்கு. மதுரையில் யாரோ பெற்ற பிள்ளை, இவ்வளவு நேரம் தரையில் மண்டியிட்டு அவளுடைய காலோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

"நல்ல சுகம் தம்பி. ஒரு நோவும் இல்லை."

அவன் முகம் தொங்கிப்போனது.

பியற்றிஸ் சீசாவின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் காட்டினாள். அவன் படித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

அவள்தான் கடைசி ஆள், இனி மறைக்க ஒன்றுமில்லை என்றான். வலியை ஆற்றுவது கரண்ட் இல்லையாம். கரண்ட் போய்த் தட்டி எழுப்ப, மூளையே அபின் போல ஒன்றைச் சுரந்து ஆற்றுகிறதாம். அதை நிரூபிக்கத்தான் வருஷக்கணக்காக மாரடிக்கிறான். அந்த அபினை வேலை செய்யவிடாமல் தடுக்கிற மருந்துதான் இப்போது அவள் உடம்பில் ஏறியது. அவன் நினைப்பு சரியென்றால் வலி திரும்பி வந்திருக்க வேண்டும்.

தமிழில் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள் என்று ஈஸ்ட் ஹாம், ஃபாரஸ்ட் கேட் பக்கத்தில் நம் ஆட்களாகப் பார்த்துச் சேர்த்திருந்தான். ஒருவருக்குக்கூட வலி திரும்பவில்லை. அத்தனை பேரும் நல்ல சுகம் என்றுதான் சொன்னார்கள். அடுத்த மாதம் இந்த அறையைப் பூட்டிவிடுவார்கள், அவன் வேலையும் அதோடு சரி.

"அவ்வளவுதாம்மா. நான் நெனச்சது தப்பு."



தவநாயகிக்கோ மருந்து ஏறிய கையோடு, முழங்காலுக்குள் கொள்ளியைச் செருகியதுபோல வலி வந்துவிட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவனைப் பார்த்துச் சிரித்தாள். சமைத்துப் போட்டவளிடம் கறியில் உப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? இவ்வளவு பாடுபட்டவனிடம் இன்னும் நோகுது என்று எந்த வாயால் சொல்வது?

பட்டறையில் கூட வேலை செய்கிற கமலாம்பிகையும் போன மாதம் இதே அறையில் நல்ல சுகம் என்று சொன்னவள்தான். வெளியே வந்ததும் பஸ் தரிப்பு வரை மதிலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது தவநாயகி.

"தம்பி, நான் பொய் சொல்லிப்போட்டன். ஊசி போட்ட உடனேயே நோவு திரும்பி வந்திட்டுது. இப்பவும் உயிர் போகுது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"வேண்டாம்மா. என்னை ஆறுதல்படுத்தறதுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்."

இதென்ன கூத்து!

தவநாயகி கட்டிலை விட்டு இறங்கினாள். இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை. முகத்தைச் சுளித்து, "ஐயோ அம்மா" என்று வாய்விட்டு முனகி, மேசையைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்துக் கதவு வரை போனாள். பிறத்தியார் பார்க்க அவள் இப்படி நடந்ததே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவன் பார்க்கட்டும் என்றே நடந்தாள்.

வாசுதேவன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

"போதும்மா. உங்களுக்கு நடிக்க வரலை."